கராஜ் இல்லாத ஊரில் மோட்டார் சைக்கிள் பட்டறை: எந்த வேலைக்கு எந்த இடம்?

சாப்பாட்டு மேசையில் பழைய தமிழ் முரசை விரித்து, அதன்மேல் காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் என் வண்டியின் நான்கு கார்புரேட்டர்களையும் பிரித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும், என்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் செல்லும் ஸ்லோ ஜெட் என்றொரு பித்தளைத் துண்டு உண்டு. பாதித் தீக்குச்சி நீளம். நடுவில் ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத துளை. ஒவ்வொன்றாக எடுத்துக் குழல் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். முதல் மூன்றிலும் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. நான்காவது இருட்டாக இருந்தது. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆனதும் மூச்சுத் திணறியதற்கும், சிவப்பு விளக்கில் நின்றால் அணைந்துபோனதற்கும் அந்த ஒரு துளைதான் காரணம். கம்பியை விட்டுக் குத்தாமல் துப்புரவுத் திரவத்தில் ஊறவைத்து, ஊதி, மறுபடியும் விளக்கில் பிடித்தபோது நான்காவதிலும் புள்ளி தெரிந்தது. அந்த மகிழ்ச்சியை வண்டி வேலை செய்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த வேலைக்கு ஒரு மேசை, நல்ல வெளிச்சம், திறந்த சன்னல் இவை போதும். ஆனால் அந்த நான்கையும் திரும்பப் பூட்டியபின் என்ஜினை ஓடவிட்டு, உறிஞ்சும் அழுத்தத்தை அளக்கும் மானிகளை மாட்டி, நான்கும் ஒரே அளவில் இழுக்கும்படி சரிசெய்ய வேண்டும். பதினோராவது மாடியில் அதைச் செய்ய முடியாது. சிங்கப்பூரில் வீட்டுப் பட்டறை பற்றிய கேள்வி முழுவதும் இந்த இரண்டு வேலைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இந்த வேலைக்கு வரும் தம்பிமார் முதலில் கேட்பது கருவிகளைப் பற்றி: எந்த ஸ்பேனர் செட், எந்த ஸ்டாண்டு, கம்ப்ரஸர் வேண்டுமா? இந்த ஊரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் வண்டி தன் இரு சக்கரங்களில் நிற்க முடியாமல் எத்தனை இரவுகள் கிடக்கப் போகிறது? ஒரு மாலையில் முடியும் வேலையா, மூன்று வாரமா, ஆறு மாதமா? அதற்கு உண்மையான விடை கிடைத்துவிட்டால் இடம் தானாகவே முடிவாகிவிடும்.

மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறோம். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வீவக வீடு, பலர் நினைப்பதைவிட நல்ல பட்டறை. கார்புரேட்டர், பிரேக் காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், ஒயரிங், மீட்டர், கழற்றிக் கொண்டுவந்த ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் குழல்கள்) ஆகிய அனைத்தையும் வீட்டுக்குள் செய்யலாம். சுத்தம், வெளிச்சம், மின்விசிறி, உட்கார நாற்காலி எல்லாம் இருக்கின்றன. தொழிற்பேட்டைத் தூசியில் பிரேக் காலிப்பரின் ரப்பர் சீலை மாற்றுவதைவிட வீட்டு மேசையில் மாற்றுவதையே நான் விரும்புகிறேன். மின்சாரமும் போதும்: நம் வீட்டுப் பிளக் 230 வோல்ட், 13 ஆம்பியர்; அதாவது சுமார் 3 கிலோவாட். பேரிங் பூட்டுமுன் அதன் உறையைச் சூடாக்கும் வெப்பக்காற்றுத் துப்பாக்கிக்கு அது தாராளம்.

ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பெட்ரோல் வீட்டுக்குள் வரக்கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, நீங்கள் வேலை செய்யும் அறையிலிருந்து சமையலறை அடுப்புவரை கண்ணுக்குத் தெரியாமல் போய்ச் சேரும். டாங்க்கைக் கழற்றி வீட்டில் வைக்காதீர்கள். கார்புரேட்டரைக் கீழேயே முழுவதும் வடித்துவிட்டு, காய்ந்தபின் மேலே கொண்டுவாருங்கள். துப்புரவுத் திரவமும் தீப்பற்றக்கூடியதுதான். நான் அதைத் தெளிக்கும் நாளில் அடுப்பும் இல்லை, சாமி விளக்கும் இல்லை. பதுங்கறை (அவசரகாலத்தில் ஒதுங்கக் கட்டிய தடித்த சுவர் அறை) உள்ள புதிய வீடுகளில் அதைக் கருவி அறையாக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். ஸ்பேனர்களும் கழற்றிய இரும்புப் பாகங்களும் அங்கே இருக்கலாம். காற்றோட்டம் குறைந்த அந்த அறையில் திரவம் எதையும் வைக்காதீர்கள். சுவரைக் கொத்தி அலமாரி பொருத்தவும் கூடாது. வாசலுக்கு வெளியே நடைபாதையில் ஒரு டயரைக்கூட வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்: குடிமைத் தற்காப்புப் படையின் விதிப்படி 1.2 மீட்டர் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி இறங்கிவரும் வழி அது.

சத்தம் இன்னொன்று. இரவில் சுத்தியல் எடுக்க வேண்டாம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பகலிலும் இறுகிய பேரிங்கைத் தட்டி எடுப்பது கீழ்வீட்டுக்காரரின் தலையில் தட்டுவது போலத்தான். அப்படிப்பட்ட வேலைகளை நான் ஒரு பையில் சேர்த்து வைத்து, சனிக்கிழமை வெளியே கொண்டுபோய்ச் செய்கிறேன்.

புளோக்குக்குக் கீழே இருக்கும் வாகன நிறுத்துமிடத்தைப் பலர் இரண்டாவது பட்டறையாக நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். அது வண்டி நிறுத்தும் இடம், பழுதுபார்க்கும் இடமன்று. செயினுக்கு எண்ணெய், டயருக்குக் காற்று, பேட்டரி முனையைத் துடைப்பது, பல்பு மாற்றுவது என்று அரைமணி நேரத்தில் முடிந்து, எந்த நேரமும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் நிலையில் இருக்கும் வேலையோடு அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் ஒருமுறை அந்த எல்லையைத் தாண்டினேன். பலமாடி நிறுத்துமிடத்தின் நான்காம் தளத்தில், மங்கிய வெளிச்சத்தில், பின்சக்கரத்தைக் கழற்றினேன். அச்சு நட்டைப் பிடித்துவைக்கும் பிளவு ஊசி உருண்டு, சாக்கடைக் கம்பி வலைக்குள் விழுந்தது. சில காசு பெறும் பொருள். அது இல்லாமல் வண்டியை ஓட்ட முடியாது. கடைகள் மூடியாயிற்று. மறுநாள் மாலைவரை சக்கரமில்லாத வண்டி ஸ்டாண்டின்மேல் நின்றது; இரவு முழுவதும், ஒரு சிறுவன் ஓடிவந்து மோதினால் என்ன ஆகும் என்ற நினைப்பில் எனக்குத் தூக்கமில்லை. எண்ணெய் மாற்றுவதையும் அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். சாக்கடையில் கலந்த ஒரு கரண்டி எண்ணெயும் கால்வாய்க்குத்தான் போகும். நம் கால்வாய்களில் பல, நாம் குடிக்கும் நீரைத் தேக்கும் நீர்த்தேக்கங்களுக்குப் போகின்றன.

அடுத்தது தரைவீட்டு முன்வாசல். சொந்தமாக இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். என்னைப்போல உறவினர் வீட்டில் இடம் கேட்பவர்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

செம்பவாங் பக்கம் அத்தை வீட்டில் கார் நிறுத்தும் கூரையின் ஓரத்தை இரண்டாண்டுகள் பயன்படுத்தினேன். மாமா கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர்; இரும்பு வேலைக்கு அந்த வீட்டில் மரியாதை உண்டு. வாடகை இல்லை, தண்ணீர் உண்டு, மின்சாரம் உண்டு, வண்டியை நினைத்த நேரத்தில் உள்ளே தள்ளலாம். கேட்பதற்குச் சொர்க்கம். அங்கேயும் இரண்டு விலைகள் இருந்தன.

முதலாவது, மழை. கூரை தலைக்கு மேலேதான் இருக்கிறது, பக்கவாட்டில் இல்லை. விடிகாலையில் சுமத்திராவிலிருந்து வரும் சூறைக்காற்று மழையைப் படுக்கை வாட்டில் அடிக்கும். ஒருநாள் இரவு சிலிண்டர் தலையைக் கழற்றி, துளைகளைத் துணியால் மட்டும் மூடிவிட்டு வந்தேன். மறுநாள் மதியம் போய்த் துணியை எடுத்தேன். கண்ணாடிபோல் இருந்த சிலிண்டர் சுவரில் குங்குமம் தூவியதுபோல் துரு. சாரல் துணியில் ஏறி, துணி அதை உள்ளே கடத்தியிருந்தது. நல்லவேளை, மேலோட்டமான துரு. எண்ணெயும் மெல்லிய உரசுதாளும் கொண்டு போக்க முடிந்தது. மழையே இல்லாவிட்டாலும் நம் ஊரின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். வெற்று இரும்பைத் தொட்ட விரல் ரேகைகூட ஒரு வாரத்தில் துருவாக எழும்பிவரும். ஆகவே திறந்த இடத்தில் வேலை செய்பவர்கள் கழற்றிய ஒவ்வொன்றிலும் எண்ணெய் பூசி, பையில் கட்டி, பெட்டியில் வைத்தே தீர வேண்டும். இந்த வேலைக்கே ஒவ்வொரு வாரமும் ஒரு மணிநேரம் போகும்.

இரண்டாவது விலை கணக்கில் வராது. அத்தை வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் கோலம் போடுபவர். என் எண்ணெய்த் தட்டு கோலத்திலிருந்து நான்கு முழம் தள்ளித்தான் இருந்தது. அவர் ஒரு சொல் சொன்னதில்லை. மூன்றாவது மாதத்தில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “தீபாவளிக்குள் இந்த வண்டி நகருமா, ராசா?” என்று மட்டும் கேட்டார். அது ஜூலை மாதம். அந்தக் கேள்வியின் பொறுமை எனக்கு இன்றும் வலிக்கிறது. உறவில் இடம் கேட்டால், எந்தத் தேதிக்குள் வண்டி வெளியே போகும் என்று முதல் நாளே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். அந்தத் தேதியைக் காப்பாற்றுங்கள்.

சேமிப்பறை வாடகைக்கு எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளிரூட்டிய அறை, துரு பிடிக்காது, பாகங்களை வைத்துக்கொள்ள நல்லது. உள்ளே வேலை செய்யவோ தீப்பற்றும் பொருள் வைக்கவோ பொதுவாக ஒப்பந்தம் இடம் தராது. டாங்க்கில் ஒரு சொட்டு பெட்ரோல் உள்ள வண்டியும் அதில் அடங்கும்.

எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூருக்கு அனுப்பிச் செய்துவாங்குவது இன்னொரு வழி. கூலி குறைவு, கைத்திறன் நிறைந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது பட்டறை அமைப்பதாகாது. நீங்கள் கற்றுக்கொள்ள விரும்பும் வேலையை வேறொருவர் செய்வார். அவசரமாக வண்டி ஓட வேண்டும் என்றால் போகலாம்.

இனி தொழிற்பேட்டை. காக்கி புக்கிட், உபி, சின் மிங், அங் மோ கியோ ஆட்டோபாய்ன்ட் போன்ற இடங்களில் வாகனப் பட்டறைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தனியாக ஒரு யூனிட் எடுப்பது சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அது ஒருபுறம் இருக்க, நகர மறுசீரமைப்பு ஆணையம் தொழிற்கட்டடங்களை பி1, பி2 என்று பிரித்திருக்கிறது: முன்னது இலகுவான, தூய்மையான தொழில்களுக்கு, பின்னது அதைவிடக் கனமானவற்றுக்கு. வாகனம் பழுதுபார்க்க எந்த யூனிட்டை வேண்டுமானாலும் எடுத்துவிட முடியாது. ஆகவே நான் சொல்வது, ஏற்கெனவே முறையாக நடக்கும் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில், உரிமையாளருக்கும் கட்டட முதலாளிக்கும் தெரிய ஒரு மூலையைப் பகிர்ந்துகொள்வது. நாங்கள் நான்கு பேர் அப்படித்தான் இருக்கிறோம். மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஆளுக்கு 225.

225 வெள்ளியா என்று மனைவி கேட்டபோது இந்தக் கணக்கைக் காட்டினேன். வண்டி வைத்திருக்க இங்கே வாங்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழின் விலை, மோட்டார் சைக்கிளுக்கு 2022-இல் முதன்முறையாகப் பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டியது. பத்தாயிரம் என்றே வைத்துக்கொண்டால், பத்தாண்டுக்கு, அதாவது 120 மாதங்களுக்கு, மாதம் 83 வெள்ளி. வண்டி பிரிந்து கிடக்கும் மாதத்திலும் அந்த 83 கரைகிறது. சாலை வரியும் காப்புறுதியும் சேர்ந்து கரைகின்றன. அத்தை வீட்டில் வாரம் ஒரு நாள், மழை இல்லாத நாளில் மட்டும் செய்து ஏழு மாதம் இழுத்த என்ஜின் வேலையை, இந்த மூலையில் ஐந்து வாரத்தில் முடித்தேன். வெளிச்சம் இருந்தது, கதவைப் பூட்டிவிட்டு வர முடிந்தது, போல்ட்டுகள் விட்ட இடத்தில் இருந்தன. இலவச இடம் எப்போதும் மலிவான இடமன்று.

பணத்தைவிடப் பெரிய ஆதாயம் பக்கத்தில் இருக்கும் ஆள். பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டிய சீனப் பெரியவர். நாங்கள் அங்கிள் என்போம். கிளட்ச் மூடியின் திருகு ஒன்று வழுக்கி, தலை தேய்ந்துகொண்டிருந்தபோது, அவர் என் ஸ்குரூடிரைவரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தார். ஜப்பானிய வண்டிகளின் கூட்டல்குறித் திருகுகள் ஜப்பானியத் தரத்தில் செய்தவை. சாதாரண ஃபிலிப்ஸ் முனை அதில் முழுதாக இறங்காது, திருப்பினால் மேலே ஏறிக்கொண்டு தலையைத் தின்றுவிடும். அவர் கொடுத்த முனை குழிக்குள் ‘டக்’கென்று உட்கார்ந்தது. ஒரே திருகலில் வந்தது. அந்த ஒரு ஸ்குரூடிரைவரை முதல் நாளே வாங்கியிருந்தால் மூன்று திருகுகள் பிழைத்திருக்கும். நீங்கள் வாங்கும் முதல் கருவி அதுவாக இருக்கட்டும். இரண்டாவது, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும், சிறிய அளவுகளுக்கான டார்க் ஸ்பேனர். 6 மில்லிமீட்டர் போல்ட் 10 அல்லது 12 நியூட்டன் மீட்டரில் இறுகிவிடும்; அலுமினியத்தில் அதற்குமேல் கை அழுத்தினால் புரி கையோடு வந்துவிடும். கம்ப்ரஸர், தூக்கு மேசை, அழுத்து இயந்திரம் எல்லாம் பகிரும் பட்டறையிலேயே இருக்கும். வாங்க வேண்டாம்.

பழைய எண்ணெய்க் கவலையும் அங்கே இல்லை. பட்டறையின் பீப்பாயில் ஊற்றினால் உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துச் செல்கிறார்கள்.

குறைகளும் உண்டு. நான்கு பேருக்கு ஒரே தூக்கு மேசை. இன்னொருவர் வண்டி மேலே இருந்தால் காத்திருக்க வேண்டும். பொதுக் கருவிகள் காணாமல் போகும். வீட்டிலிருந்து போக முக்கால் மணிநேரம் ஆவதால், வேலைநாள் மாலைகளில் போக மனம் வராது. இதனால்தான் வீட்டு மேசையை நான் கைவிடவில்லை. வண்டி மூலையில் கிடக்கிறது; அதன் ஒவ்வோர் உறுப்பும் முறைவைத்து என் வீட்டுக்கு வந்துபோகிறது. இந்த வாரம் முன்ஃபோர்க் இரண்டும் வந்திருக்கின்றன. பழைய எண்ணெய் வடிவதற்காகத் துணி காயப்போடும் இடத்தில் வாளிக்குள் தலைகீழாக நிற்கின்றன.

ஆகவே என் முடிவு இது. பராமரிப்பும் சிறு மாற்றங்களும் மட்டும்தான் நோக்கம் என்றால் வீட்டு மேசையும், தெரிந்த மெக்கானிக்கிடம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேரமும் போதும். வாடகைக்கு இடம் தேடாதீர்கள். என்ஜினைத் திறக்கப்போகிறீர்கள், அல்லது சட்டகம்வரை பிரித்து மீண்டும் கட்டப்போகிறீர்கள் என்றால் பகிர்ந்த மூலையைத் தவிர வேறெதுவும் வேண்டாம். தரைவீட்டு வாசல் கிடைத்தாலும் அதையே சொல்வேன், மூன்று பக்கமும் அடைத்த கூரை இருந்தாலொழிய.

எந்த இடத்தை எடுப்பதற்கு முன்பும் வண்டியின் பதிவுத் தேதியைப் பாருங்கள். 2003 ஜூலை 1-க்கு முன் சாதாரணமாகப் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு சாலையில் ஓட முடியாது. அப்படிப்பட்ட வண்டியை நேசித்துப் பிரிக்க நினைக்கும் நண்பர் ஒருவர் எங்களோடு இருக்கிறார். அவரிடம் வேலையை இந்த ஆண்டுக்குள் சுருக்கிக்கொள்ளும்படி சொன்னேன், கட்டி முடித்தபின் ஓட்டவும் நாள் வேண்டுமல்லவா. என்ஜினையே மாற்றுவதாக இருந்தால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலை முதலில் வாங்குங்கள். நிறத்தை மாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். மூன்றாண்டைக் கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. அந்தத் தேதி வண்டி பிரிந்து கிடக்கும் காலத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலை கிடைத்துவிட்டால், பணம் கொடுக்கும் முன் ஒருமுறை இரவு எட்டு மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள். சாய்தளம் வழியாக யூனிட் வாசல்வரை ஓட்டிப்போகும் கட்டடமா, சரக்கு மின்தூக்கியில் ஏற்றும் கட்டடமா? மின்தூக்கி என்றால் அது எத்தனை மணிவரை இயங்கும்? ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் உண்டா? வாயிற்கதவுச் சாவி யாரிடம்? ஓடாத 200 கிலோ வண்டியைத் தனியாளாகத் தள்ளிப் போக வேண்டிய பாதையில் படி இருக்கிறதா என்று நடந்தே பாருங்கள்.